மாமாட 31க்கு மலர் அடிச்ச கதை (பிரின்ட் கடை, 5க்கு 3)

மாமா செத்து 31ஆம் நாளுக்குக் குடுக்க நினைவு மலர் அடிக்க மட்டக்களப்பு டவுன்ல ஒரு பிரின்ட் கடைக்குக் குடுத்தம். கடைட பேர் போட மாட்டன், ஏனெண்டா ஆக்கள் நல்லவங்க, வேலையிலதான் சொதப்பிட்டாங்க. 16 பக்கம், அட்டை மட்டும் கலர், 150 பிரதி, ஒண்டு 240 ரூபா. கல்முனையில கேட்டதவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனா பேப்பர் நல்ல தடிப்பு, மாமாட பழைய படத்துல பின்னுக்குத் தொங்கின சீலைய வெட்டிட்டு ஆள அவர்ர வெள்ள சேர்ட்டோடயே விட்டிருந்தாங்க, அதுக்கே முழு மார்க் குடுக்கலாம் (மத்தக் கடையெண்டா எல்லா மனுசனுக்கும் ஒரே நீலக் கோட்ட மாட்டி விட்டிருப்பாங்க, தெரியும்தானே).

மாமா திருமலையில கிழக்கு மாகாணசபைப் பேரவைச் செயலகத்துல கிளாக். கிழக்கு வடக்குல இருந்து தனியாப் பிரிஞ்சி 2008 மே மாசம் தேர்தல் நடந்து 37 பேர் வந்து இருந்த நாள்ல இருந்து, 2017 செப்டம்பர் 30ல சபை முடியுமட்டும் கூட்டக் குறிப்பு, பிரேரணை எல்லாம் அவர்ர மேசையாலதான் போகும். ஊருக்கு உழைச்ச ஆக்கள் ஆரும் மௌத்தானாலும் செத்தாலும் அனுதாபப் பிரேரணைய டைப் பண்றதும் மனுசன்தான். இப்ப அவருக்கு ஒண்டு கொண்டு வாறதுக்கு சபையில ஒரு உறுப்பினர் இல்ல, 2017க்குப் பிறகு தேர்தலே வைக்கல்ல, ஆளுநர்தான் எல்லாம். அதான் மச்சான் மலருக்குள்ளயே அனுதாபப் பிரேரணை மாதிரி ஒரு பக்கம் போடுவம் எண்டான்.

மச்சான் இரிக்கிறது அமெரிக்காவுல. அங்க மாநில சட்டசபைகள்ல செத்துப்போன நீதவான், தீயணைப்புக்காரர், பழைய உறுப்பினர் எண்டு ஆக்கள்ர பேர்ல தீர்மானம் போடுவாங்களாம். அதே சபைகள்தான் அரசியலமைப்ப மாத்தச் சொல்லியும் காங்கிரசுக்குத் தீர்மானம் அனுப்புறது, 50 மாநிலத்துல 34 கேட்டா மாநாடு கூட்டியே ஆகணும், இண்டைக்கு வரைக்கும் அப்படி ஒண்டு கூடினதே இல்ல. இதக் கேட்டா மாமா சொல்லுவாரு, "எங்களுக்கு அதுவும் இல்ல மனே, 13ஆவது திருத்தத்த மாத்திறதெண்டா ஜனாதிபதி சபைகள்ட்ட கருத்துக் கேக்கணும், நாம மாட்டமெண்டா பாராளுமன்றத்துல மூண்டுல ரெண்டு எடுத்து நிறைவேத்திருவாங்க" எண்டு (13ஆவது திருத்தம் எண்டா மாகாணசபைகள உண்டாக்கின அரசியலமைப்புத் திருத்தம்). அந்த வசனத்த அப்படியே மலர்ல போடச் சொல்லிக் குடுத்தம்.

மறுகாதான் கூத்து. நாங்க போன்ல யுனிகோட்டுல அனுப்ப, கடையில பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாத்தினாங்களாம், எழுத்தெல்லாம் உடைஞ்சி போக அங்க வேலை செய்ற புள்ள கையால திரும்ப அடிச்சிரிக்கி. கலியாணக் காட் அடிச்சி அடிச்சிப் பழகின கை. "13ஆவது திருமணத்த மாத்திறதெண்டா ஜனாதிபதி கருத்துக் கேக்கணும்" எண்டு 150லயும் வந்து நிக்கிது! புரூஃப ராவு 11 மணிக்கு வாட்ஸ்அப்புல படமா அனுப்பினாங்க, எறும்பு மாதிரி எழுத்து, நானும் தூக்கத்துல ஓகே போட்டுட்டன், அது என்ட பிழைதான்.

விடிஞ்சா 31, திரும்ப அடிக்க நேரமில்ல. முதலாளி சண்டைக்கு வரல்ல, "திருத்தத்த" எண்டு குட்டிக் குட்டி ஸ்டிக்கர் அடிச்சிக்கிட்டு அவரே வீட்ட வந்து, பாயில குந்தி எங்களோட ரெண்டு மணி மட்டும் ஒட்டினாரு, காசுலயும் 3,000 குறைச்சாரு. ஒரு மார்க் அதுக்காகத்தான் கூட்டினது. திரும்பப் போவனா எண்டு கேட்டா, போவன், ஆனா புரூஃப பேப்பர்ல எடுத்து கடை வாங்குல இருந்தே வாசிச்சிட்டுத்தான் எழும்புவன், கலியாண மாசமெண்டா அந்தப் பக்கமே போகமாட்டன்.

ஸ்டிக்கர் ஒட்டாத பிரதி ஒண்டு மாமிட்ட மாட்டியிரிக்கி. தாங்க ஒட்டித் தாறன் எண்டு கேட்டதுக்கு, "விடு மனே, அவரு இருந்தா இதத்தான் ஊரெல்லாம் காட்டித் திரிவாரு" எண்டு அலுமாரிக்குள்ள வச்சிப் பூட்டிட்டா.