தேதி போடாத 68 கிலோ: ஓர் உணவு ஆலோசனை நிலையத்தில் ஆறு மாதம்

திருச்சியில் இயங்கும் ஓர் உணவு ஆலோசனை நிலையத்தின் ஆறு மாத எடைக்குறைப்புத் திட்டத்தில் ஆவணியில் சேர்ந்து, தை முடியும்வரை ஒரு சந்திப்பையும் தவறவிடாமல் சென்று வந்தேன். கட்டணம் 9,000 ரூபாய். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் நடக்கும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் ஒதுக்குகிறார்கள்.

சேர்ந்தபோது என் வயது 47, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ.; மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவான எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்ததால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்திருந்தார். திருமணத்தின்போது இருந்த 68 கிலோவுக்குப் பொங்கலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அங்கிருந்த டயட்டீஷியனிடம் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவராக இருக்கும் அந்தப் பெண்மணி, சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "அறுபத்தெட்டு இருக்கட்டும் சார், அதை அழிக்க வேண்டாம். ஆனால் அதற்கு நான் தேதி போட மாட்டேன்" என்று சொல்லி, ஒரு தாளின் மேல் ஓரத்தில் அந்த எண்ணை எழுதினார். அதற்குக் கீழே ஆறு மாதத்துக்கு நான்கு முதல் ஆறு கிலோ என்றும், அதற்கும் கீழே அடுத்த இரண்டு வாரத்தில் நான் செய்ய வேண்டியவை என்றும் பிரித்தார். அந்தக் கடைசிப் பகுதியில் கிலோ என்ற சொல்லே இல்லை. தேநீருக்கு இரண்டு கரண்டிக்குப் பதிலாக ஒரு கரண்டி சர்க்கரை, ஒன்பதே முக்கால் மணிச் சாப்பாட்டை எட்டே காலுக்குக் கொண்டுவருவது, வாரத்தில் ஐந்து நாள் இருபது நிமிட நடை, அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கா ஒன்பதாயிரம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சல் தவறு என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. 2002இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், 3,234 பேரில் வாழ்க்கைமுறை மாற்றக் குழுவினருக்கு வைக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் மட்டுமே. அதனாலேயே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. எனக்கு எழுதப்பட்ட ஆறு கிலோவும் ஏறத்தாழ அந்த ஏழு சதவீதம்தான். இதைவிட என்னை யோசிக்க வைத்தது சென்னையில் நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த இந்திய ஆய்வு. அதில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையாதபோதும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. தராசு நகராத வாரங்களிலும் நடையும் உணவும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு வாரத்தில் 2.3 கிலோ குறைந்தபோது நான் துள்ளிக் குதிக்காமல் பார்த்துக்கொண்டவரும் அந்த டயட்டீஷியனே. உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், தொடக்கத்தில் இறங்குவதில் பெரும் பங்கு நீர்தான் என்று முன்பே சொல்லிவிட்டார். அதே கணக்கு தீபாவளியில் திரும்பி வந்தது. அதிரசமும் முறுக்கும் மூன்றே நாளில் 1.6 கிலோவை ஏற்றின. பட்டினி கிடக்கப் போவதாகச் செய்தி அனுப்பினேன். வழக்கமான உணவுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து எடை பார்க்குமாறு பதில் வந்தது, அதன்படியே செய்தேன், ஏறியதில் பெரும்பகுதி இறங்கியிருந்தது. மார்கழியில் மூன்று வாரம் முள் அசையவில்லை. எடை குறையக் குறைய உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவதால், ஆவணியில் குறைத்த அதே உணவு மார்கழியில் அதே பலனைத் தராது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வகுத்துப் பார்த்துப் பொங்கலன்று இத்தனை கிலோ என்று சொல்லும் செயலிகள் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் ஏன் தேதி போடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. இவ்வளவு நிதானமாகத் தாள் எழுதித் தரும் அதே நிலையம், வாட்ஸ்அப் குழுவில் திங்கள்தோறும் அதிக எடை குறைத்தவரை 'வார நட்சத்திரம்' என்று அறிவிக்கிறது. அந்தப் பட்டத்துக்காக ஞாயிறு மாலை முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததாக ஒருவர் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன். டயட்டீஷியன் அறைக்குள் கற்றுத் தருவதை வரவேற்பறை கலைத்துவிடுகிறது. வரவேற்பறையில் 2,400 ரூபாய்க்குப் புரத மாவு விற்கும் வழக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். சுண்டலும் முட்டையும் மோரும் போதும் என்று உள்ளே சொன்னதால் நான் வாங்கவில்லை.

பெரிய குறை கடைசிச் சந்திப்பில் தெரிந்தது. என் எடை 78.6 கிலோ, இடுப்பு 96 செ.மீ., எச்பிஏ1சி 5.8. ஆறு மாத இலக்கு நிறைவேறிவிட்டது, சரி. ஆனால் ஏழாவது மாதத்துக்கு என்ன என்று கேட்டபோது, அதே 9,000 ரூபாய்த் திட்டத்தைப் புதுப்பிக்கலாம் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. குறைத்த எடை ஏறாமல் காப்பதும் ஒரு தனி வேலை. அதற்கு இரு வாரச் சந்திப்பு தேவையில்லை, வேறு வகை மேற்பார்வை தேவை. நீண்ட கால இலக்கைத் தாளின் உச்சியில் எழுதி வைத்தவர்கள், அதை யார் கவனிப்பது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

சற்று வாதாடிய பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, சந்திப்புக்கு 600 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த ஏற்பாடு அவர்களுடைய கட்டணப் பட்டியலில் இல்லை என்பதால், சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும். வாட்ஸ்அப் குழுவில் சேராமலும் திட்டத்தைத் தொடரலாம். நான் மூன்றாம் மாதமே அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார்கள், புதன் மாலையில் கூட்டம் இருப்பதில்லை.