பதுவாவின் போ மாளிகையா, பொலோஞாவின் அர்க்கிஜின்னாசியோவா?

வட இத்தாலிக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மிலான், வெனிஸ் என்று ஓடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கோடி அற்புதர் அந்தோணியாரைப் பார்க்கப் பதுவாவிலும் ஒரு நாள் இறங்குவார்கள். அந்தப் பயணத்தில் அரை நாள் மிச்சம் இருந்து, பழைய பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று பதுவா பல்கலைக்கழகத்தின் போ மாளிகை, மற்றது பொலோஞாவின் அர்க்கிஜின்னாசியோ. இரண்டு ஊருக்கும் இடையே வேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு கட்டடத்திலும் மரத்தால் இழைத்த பழைய உடற்கூறு அரங்கம், அதாவது பிணத்தை அறுத்து மருத்துவ மாணவர்களுக்குக் காட்டிய கூடம், உண்டு. சுவர் முழுக்கக் குலச்சின்னங்கள் இரண்டிலும் உண்டு. படங்களை மட்டும் பார்த்தால், ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதும் அதேதானே என்று தோன்றும்.

நேரில் அப்படி இல்லை. வித்தியாசம் நுழைவிலேயே தொடங்கிவிடுகிறது. போ மாளிகையில் முற்றத்தைத் தாண்டி அரங்குகளுக்குள் போகக் கைடு கட்டாயம். நேரம் குறித்து டிக்கெட் எடுத்து, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் உள்ளே போக முடியும். அர்க்கிஜின்னாசியோவில் முற்றமும் படிக்கட்டும் இலவசம். அரங்குக்குச் சில யூரோ டிக்கெட், அப்புறம் உங்கள் பாடு.

கைடு என்றாலே முகம் சுளிக்கும் ஆள் நான். ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பதுவாவுக்கே போகச் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கு முன் இரண்டுக்கும் இடையிலான பழைய பங்காளிக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

பொலோஞா பல்கலைக்கழகம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்வது 1088. ஐரோப்பாவிலேயே மூத்தது என்ற பெருமை அதற்கு உண்டு. 1222இல் அங்கிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் கொண்ட ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு கிளம்பிப் பதுவாவுக்கு வந்தது. பதுவா பல்கலைக்கழகம் அப்படிப் பிறந்ததுதான். ஆக, மூத்த ஊர் பொலோஞா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1088 என்ற எண்ணை நம்பி அவ்வளவு பழைய கட்டடத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் சில நூற்றாண்டுகளுக்கு பொலோஞா பல்கலைக்கழகத்துக்கென்று கட்டடமே கிடையாது. வாடகை அறைகளில்தான் வகுப்பு நடந்தது. அர்க்கிஜின்னாசியோ எழுந்தது 1562, 63இல்தான். பதுவாவிலோ 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பல்கலைக்கழகம் போவுக்குள் குடியேறத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் எருதுப் படம் போட்ட பலகை தொங்கிய விடுதி ஒன்று இருந்தது. வயதுப் போட்டியை இத்துடன் விட்டுவிடலாம்.

முக்கியமான கேள்வி, கட்டடத்தை யார் எதற்காக வைத்திருந்தார்கள் என்பது. பொலோஞா போப்பாண்டவர் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். சிதறிக் கிடந்த வகுப்புகளை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர நான்காம் பயஸ் காலத்தில் கட்டியதுதான் அர்க்கிஜின்னாசியோ. பக்கத்தில் இருக்கும் சான் பெத்ரோனியோ ஆலயம் ரோமின் பேதுரு பேராலயத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிடாமல் தடுக்கவே குறுக்கே இதைக் கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையின் உண்மை எப்படியோ, ஆலயத்தின் பக்கவாட்டுச் சிறகு அரைகுறையாக நின்றுபோயிருப்பதை இன்றும் அந்தத் தெருவில் நின்று பார்க்கலாம். பதுவா அப்போது வெனிஸ் குடியரசின் கையில். ரோமோடு உரசிக்கொள்ளத் தயங்காத ஆட்சி அது. அதனால் சீர்திருத்த சபையினரும் யூதர்களும் படிக்க வந்து சேர்ந்தார்கள். போவின் நாற்பதின்மர் கூடத்தில், பல நாடுகளிலிருந்து வந்து படித்த நாற்பது புகழ்பெற்ற மாணவர்களின் உருவங்களைச் சுவர்களில் தீட்டி வைத்திருக்கிறார்கள். அவை 1940களில் வரைந்தவை. பழைய ஓவியம் என்று நினைத்து ரொம்ப உருக வேண்டாம்.

அந்தக் கூடத்தில் கண் போக வேண்டிய இடம் வேறு. கரடுமுரடான மரப்பலகைகளால் அடித்த ஒரு மேடை. கலிலியோ நின்று பாடம் சொன்ன மேடை என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1592 முதல் 1610 வரை 18 ஆண்டுகள் அவர் பதுவாவில் கணிதம் கற்பித்தார். முதுமையில், தன் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள் அவையே என்று எழுதினார். அந்த மேடையில் செதுக்கல் இல்லை, பூச்சு இல்லை. தனியாகப் போயிருந்தால் பழைய தச்சுச் சாமான் என்று கடந்து போயிருப்போம். கைடு இல்லாமல் போவில் காலெடுத்து வைப்பதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதி, யாராவது சொன்னால்தான் கண்ணில் படும்.

படிக்கட்டின் அடியில் இருக்கும் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலையும் அப்படித்தான். 1678 ஜூன் 25 அன்று தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், உலகிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று கருதப்படுபவர். இறையியலில் பட்டம் தர ஆயர் மறுத்துவிட்டதால் தத்துவத்துக்கு மாற வேண்டியிருந்தது. தேர்வைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தால் அதைப் பேராலயத்தில் நடத்தினார்கள். பதுவா இதைப் பெருமையாகச் சொல்லும்போது பொலோஞாக்காரர்கள் லாரா பாஸியை எடுத்து முன்னால் வைக்கலாம். 1732இல் பட்டம் பெற்றதோடு, அங்கேயே சம்பளத்தோடு பேராசிரியர் பதவியும் பெற்றவர் அவர். பட்டம் கொடுத்தது பதுவா, வேலை கொடுத்தது பொலோஞா. இந்த ஒரு சுற்றில் நான் பொலோஞா பக்கம்.

சரி, உடற்கூறு அரங்குகளுக்கு வருவோம். பெரும்பாலோர் டிக்கெட் எடுப்பதே இதற்காகத்தான்.

பதுவா அரங்கை 1594, 95இல் ஃபாப்ரீசியஸ் என்ற உடற்கூறுப் பேராசிரியரின் காலத்தில் கட்டினார்கள். இன்றுவரை நிற்கும் நிரந்தர உடற்கூறு அரங்குகளில் இதுவே மூத்தது. அதற்கு முன்பெல்லாம் தேவைப்படும்போது மரப்பலகைகளை அடித்து அரங்கு அமைத்து, வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். பதுவாவில் கற்பித்துக்கொண்டிருந்த வெசாலியஸ் 1540இல் பொலோஞாவுக்குப் போய் ஊரறிய உடலை அறுத்துக் காட்டியது கூட ஒரு தேவாலயத்தில்தான்.

போவின் அரங்கில் ஆறு வளையங்கள், நீள்வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடிச் சுவர்கள். சுமார் முந்நூறு பேர் நெருக்கியடித்து நின்று பார்த்திருக்கிறார்கள். உட்கார இடமே கிடையாது. மயங்கி விழுந்தாலும் கீழே விழாத அளவுக்கு ஒருவரோடு ஒருவர் உரசிக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். பார்வையாளர்களை அந்த வளையங்களில் ஏற விடுவதில்லை. உடலைத் தயார் செய்த கீழ் அறை வழியாக அழைத்துப்போய், மேசை இருந்த அடிமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்கள். வறண்ட கிணற்றின் அடியில் நின்று விளிம்பைப் பார்ப்பது போல இருக்கிறது. ஆறு வளையங்களும் நம்மை நோக்கிக் குனிந்திருக்கின்றன. மாணவன் நின்ற இடம் நமக்குக் கிடைப்பதில்லை. பிணம் கிடந்த இடம்தான் கிடைக்கிறது. முதலில் ஏமாற்றமாக இருந்தாலும் இதைவிட நல்ல இடம் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும்.

ஜன்னல்கள் பிற்காலத்தில் வந்தவை. ஆரம்பத்தில் மெழுகுவத்தி வெளிச்சம்தான். இங்கிலாந்திலிருந்து வந்து 1602இல் இங்கே பட்டம் பெற்ற வில்லியம் ஹார்வி இந்த வளையங்களில் நின்றவர். இதயத்துக்கு ரத்தம் திரும்பிவரும் குழாய்களான சிரைகளில் ரத்தம் ஒரே திசையில் போகும்படி சின்னச்சின்னக் கதவுகள் இருப்பதை ஃபாப்ரீசியஸ் காட்டினார். ஆனால் அவை எதற்கு என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. சீடன் பிடித்தார். ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று 1628இல் அச்சில் சொன்னார். மருத்துவம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஓர் அறைக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

கைடுகளிடம் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பிணங்களைத் திருட்டுத்தனமாக ஆற்று வழியே கொண்டுவந்தார்கள், சபையின் ஆட்கள் வந்தால் மேசையைக் கவிழ்த்து உடலைக் கீழே ஓடும் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள் என்றெல்லாம் ஒரு கதை ஊரில் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசு சம்பளம் வாங்கிய பேராசிரியர், முந்நூறு பேர் நிற்கும் நிரந்தர அரங்கில் ஒளிந்து ஒளிந்து அறுத்தார் என்பது எப்படிப் பொருந்தும்? மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை ஆட்சியே கொடுத்துவந்தது. அறுவைப் பாடம் அந்தக் காலத்தில் ஊரறிந்த நிகழ்ச்சி. பொலோஞாவில் அதைக் கார்னிவல் நாட்களில், முகமூடி அணிந்த பொதுமக்களும் வந்து பார்க்கும் விழாவாகவே நடத்தினார்கள்.

அந்த விழாவுக்கு ஏற்ற மேடைதான் அர்க்கிஜின்னாசியோவின் அரங்கம். 1637இல் அந்தோனியோ லெவாந்தியின் வடிவமைப்பில் தொடங்கி அடுத்த நூறாண்டில் மெருகேறியது. இது செவ்வக அறை, வெளிச்சமான அறை, சுற்றிலும் உட்காரும் இருக்கைகள். நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை. கூரையில் அப்போலோவும் அவனைச் சுற்றி விண்மீன் கூட்டங்களும் மரத்தில். பேராசிரியரின் ஆசனத்துக்கு மேலே உள்ள விதானத்தை, தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள் தாங்கி நிற்கின்றன. 1734இல் எர்கோலே லெல்லி செய்தவை. தோலில்லாத உடம்பில் ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரிகிறது. யாரும் விளக்கத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளை கூட வாயைப் பிளந்து நிற்கும்.

சுவர் மாடங்களில் நிற்கும் மருத்துவர்களில் ஒருவர் கையில் மூக்கு ஒன்றைப் பிடித்திருப்பார். அவர்தான் காஸ்பரே தாலியாகோட்சி. மூக்கறுந்தவர்களுக்கு மேற்கைத் தோலிலிருந்து புது மூக்கு வைத்தவர். தோல் ஒட்டும்வரை நோயாளி கையை முகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்க வேண்டும். நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்யும் முறை நம் நாட்டில் இருந்தது. 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிய செய்தி வந்த பிறகுதான் அங்குள்ள மருத்துவர்கள் அதைக் கையிலெடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். 1944 ஜனவரி 29 அன்று விழுந்த குண்டில் இந்த அரங்கம் நொறுங்கிப்போனது. இடிபாடுகளுக்குள் தோண்டி எடுத்த சிலைகளையும் துண்டுகளையும் வைத்துப் போருக்குப் பின் மறுபடி கட்டினார்கள். பழைய மரத்தோடு புது மரமும் கலந்திருக்கிறது. சிலருக்கு இது குறையாகத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பொறுக்கி எடுத்து இவ்வளவு தூரம் சேர்த்திருக்கிறார்களே என்று மரியாதைதான் வருகிறது.

அரங்கை விட்டு வெளியே வந்தால் மாடித் தாழ்வாரங்களில் மாணவர்களின் குலச்சின்னங்கள், சுமார் ஆறாயிரம். ஒவ்வொன்றிலும் பெயரும் ஊரும் இருக்கும். இதில்தான் தனியாகச் சுற்றுவதன் சுகம் தெரியும். எந்தக் கைடும் இவற்றின் முன் அரை மணி நேரம் நிற்க விடமாட்டார். போவின் பெரிய மண்டபத்திலும் சின்னங்கள் அடர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே அடுத்த குழு வாசலில் காத்திருக்கும், நம்மை நகரச் சொல்வார்கள். ஸ்தாபாத் மாத்தர் கூடத்தையும் பார்த்துவிடுங்கள். இசையமைப்பாளர் ரோஸ்ஸினியின் அந்தப் பெயர்கொண்ட இசைப் படைப்பு இத்தாலியில் முதன்முதலாக 1842இல் இங்கேதான் அரங்கேறியது. வழிநடத்தியவர் தோனிசெத்தி.

வீரமாமுனிவர் இயேசு சபையில் சேர்ந்தபின் பொலோஞாவில் படித்தவர் என்பதால் அவர் பெயரையும் இங்கே தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கட்டடத்தில் தேட வேண்டாம், ஊரில் நடந்த திருப்தியோடு வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் பதுவா என்று நான் சொல்வதற்குக் காரணம், போ இன்னும் பல்கலைக்கழகமாகவே இருப்பதுதான். அர்க்கிஜின்னாசியோவிலிருந்து பல்கலைக்கழகம் 1803இல் வெளியேறிவிட்டது. இன்று அது நகராட்சியின் நூலகம், அருமையான நூலகம். ஆனால் மாணவர் வாசனை வேண்டும் என்றால் ஜாம்போனி தெருவுக்குப் போக வேண்டும். போவிலோ பட்டம் வாங்கிய பிள்ளை லாரல் தழை மாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். நண்பர்கள் அதன் கேலிச்சித்திரத்தோடு, வாழ்க்கை வரலாற்றைக் கிண்டல் பாட்டாக எழுதிய பெரிய சுவரொட்டி ஒன்றை ஒட்டிவைத்து, உரக்கப் படிக்கச் சொல்வார்கள். தடுமாறினால் குடிக்கச் சொல்வார்கள். கூடவே ஒரு பாட்டு பாடுவார்கள், அதன் வரிகளைத் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். பெற்றோர் கோட்டு சூட்டில் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. பட்டமளிப்போ வேறு விழாவோ இருந்தால் சில கூடங்களை மூடிவிடுவார்கள், சில நேரம் சுற்றுப் பார்வையே இருக்காது. ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுகள் குறைவு, இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் முதலில் போவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கு ஏற்ப ரயிலைப் பாருங்கள். போ சுற்று முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து அந்தோணியார் பேராலயம் கால் மணி நேர நடை. முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நேரத்துக்கு எதையும் செய்ய முடியாதவர்கள் பொலோஞாவோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளம்பும் முன் அங்கும் திறந்திருக்கும் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஞாயிறு, விடுமுறை நாட்களில்.