வீடில்லாத லேடீஸ் தங்குற காப்பகம் – 5க்கு 3.5

மொதல்லயே சொல்லிடறேன், நான் அங்க தங்கல. ஒரு பாட்டிய கொண்டுபோய் சேத்தேன், அப்புறம் நாலஞ்சு தடவ போய் பாத்தேன், அத வச்சுதான் இந்த ரிவ்யூ. சென்னை கார்ப்பரேஷன் காப்பகம், ஒரு தொண்டு நிறுவனம் நடத்துது. எந்த ஏரியானு வேணும்னேதான் போடல, உள்ள இருக்கறவங்கள்ல சிலர் புருஷனுக்கு பயந்து ஓடி வந்தவங்க.

நான் வேல பாக்கற மெடிக்கல்ஸ் திருவல்லிக்கேணில இருக்கு. ராத்திரி ஷட்டர் இறக்கினதும் பாட்டி அந்தப் படிலதான் படுப்பாங்க. முப்பது வருஷம் வீட்டு வேல செஞ்சவங்க, முட்டி போயிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க, வாடக குடுக்க முடியல, அவ்ளோதான் கத. மாசம் ரெண்டு தடவ நீர்க்கடுப்புக்கு மாத்திர கேப்பாங்க, எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்ல. பக்கத்துல இருக்கற கட்டண டாய்லெட்ட ராத்திரி பூட்டிடுவாங்களாம், இருட்டுல ஒதுங்க பயந்துக்கிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். ஒரு ரூபா இட்லிக்கு அம்மா உணவகம் இருக்கு, பாத்ரூமுக்கு ஒண்ணும் இல்ல!

சரி காப்பகத்துக்கு வரேன். டாய்லெட் உள்ளயே இருக்கு, ராத்திரி பூரா தொறந்திருக்கு, இதுக்கே நான் ரெண்டு ஸ்டார் குடுப்பேன். காசு வாங்கல, ஆதார் இல்லன்னதும் தொரத்தல. சாப்பாடு சுமார், சாம்பார் தண்ணி. ஃபேன் ஓடுது ஆனா சுவரோரம் படுக்கறவங்களுக்கு காத்து வராது. மொத நாள் பாட்டி செருப்ப தலைக்கு கீழ வச்சுக்கிட்டு படுத்தாங்க, ரோட்ல திருட்டு போயிடும்னு வந்த பழக்கம், லைட்ட அணைக்கப் போனா வேணாம்னு ஒரே அழுக, தெருவிளக்குக்கு கீழயே தூங்கினவங்களுக்கு இருட்டுன்னா யாரோ வராங்கன்னு அர்த்தம். அங்க இருந்த வார்டன் அக்கா திட்டாம வராண்டா லைட்ட மட்டும் விட்டு வச்சாங்க, அவங்களுக்கு தனியா ஒரு கும்பிடு.

இன்னொரு பெரிய விஷயம் அட்ரஸ். பிளாட்பார்ம்ல இருந்தா எந்த ஃபார்ம்லயும் விலாசம்ங்கற கட்டத்த நிரப்ப முடியாது. காப்பகத்து அட்ரஸ வச்சு ஆதார் எடுத்து, முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்காங்க. மாசம் 1200 ரூபா, இன்னும் வரல, வந்தா அப்டேட் பண்றேன்.

ஒன்றர ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, பாரிமுனைல பூ கட்டற ஒரு அக்காவையும் சேத்துக்கச் சொல்லி காப்பகத்துல கேட்டுப் பாத்தேன், அவங்க பையனுக்கு பதினாலு வயசு, லேடீஸ் இடத்துல பையன சேக்க மாட்டோம், பசங்க காப்பகத்துல தனியா விடுங்கன்னுட்டாங்க. மத்த லேடீஸோட பாதுகாப்புக்குதான், ரூல் புரியுது. ஆனா எந்தம்மா விடுவா? ரெண்டு பேரும் திரும்ப பிளாட்பார்முக்கே போயிட்டாங்க. "கூப்ட்டாலும் வரமாட்டேங்கறாங்க, ரோடே பழகிடுச்சு"ன்னு சொல்றவங்க இத ஒரு தடவ யோசிங்க. குடும்பத்தோட தங்கற இடம் இன்னும் நெறைய வேணும்.

2010லயே சுப்ரீம் கோர்ட், பெரிய ஊருங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் பூரா 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு சொல்லியாச்சு. 2011 சென்சஸ்ல பழைய சென்னையே 46 லட்சம், இப்ப ஊரு எவ்ளோ பெருசாயிடுச்சு, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

உங்க தெருவுல யாராச்சும் இப்படி தனியா இருந்தாங்கன்னா 1913க்கு (சென்னை கார்ப்பரேஷன் ஹெல்ப்லைன்), இல்ல 181க்கு (பெண்கள் ஹெல்ப்லைன்) போன் பண்ணுங்க. ஆனா மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க, நான் பாட்டிய சம்மதிக்க வைக்க மூணு வாரம் ஆச்சு. கூட்டிட்டுப் போறப்ப ஒரு சின்ன பூட்டு வாங்கிட்டுப் போங்க, அங்க ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி குடுக்கறாங்க, பூட்டு குடுக்கறதில்ல.