டிரைக்கோடெர்மா விரிடி பொடி: மூன்று போகம் பீன்ஸுக்குப் போட்டுப் பார்த்ததில்

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் அரை ஏக்கரில் கொடி பீன்ஸ் போடுகிறோம். டிரைக்கோடெர்மா விரிடி என்பது நோய்ப் பூஞ்சையை அடக்கும் ஒரு நல்ல பூஞ்சை. வேர் அழுகலுக்கு இந்தப் பொடி நன்றாகவே வேலை செய்கிறது. கிலோ விதைக்கு 4 கிராம் எடுத்து, ஆறின அரிசிக்கஞ்சியில் பிசறி, நிழலில் உலர்த்தி ஊன்றினேன். அதோடு அரைக் கிலோ பொடியை 10 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து அடியிலும் போட்டேன். முன்பெல்லாம் இரண்டு இலை விட்டதுமே செடி வாடும், பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடி பழுப்பாக அழுகியிருக்கும், வரிசைக்கு ஏழெட்டு போய்விடும். இப்போது ஒன்றிரண்டோடு சரி.

ஆனால் கடையில் "எல்லா நோய்க்கும் இது ஒன்றே போதும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், அதை நம்பித்தான் ஒரு போகத்தையே விட்டேன். காய் திரளும்போது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வந்துவிட்டது. காயில் கரும்பழுப்பாகக் குழி விழுந்த வட்டப் புள்ளிகள், மழை ஈரத்தில் அதன் நடுவே இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பு. சந்தையில் அந்த மூட்டையை யாரும் தொடவில்லை.

இந்த நோய் விதையோடே வருவது. நாங்களோ கடைசிப் பறிப்பில் விட்ட காயைக் காயவைத்து அதையேதான் விதைக்கு எடுத்துவைக்கிறோம், பழுப்புத் திட்டு இருந்த விதையைப் பார்த்தும் நானே ஊன்றியிருக்கிறேன். அப்புறம் சந்தை வண்டியைப் பிடிக்க வேண்டுமென்று பனி காயும் முன்பே பறிக்க இறங்கிவிடுகிறோம், ஈரக்கையோடு செடிக்குச் செடி நோயையும் கொண்டுபோகிறோம். போதாததற்கு ஸ்பிரிங்க்லர் வேறு இலையை நனைக்கிறது. விதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பூஞ்சையை மேலே பூசிய பொடி முழுசாகப் பிடிக்காது.

ஒட்டன்சத்திரத்தில் மச்சான் அவரைக்கு இதே பொடிதான் போடுகிறார். அங்கே சொட்டுநீர், காற்றும் வறண்டு இருக்கும், இலை நனைவதே இல்லை, அதனால் எங்கள் நோய் அவர் தோட்டத்தில் இல்லை. அவருக்கு வெள்ளை ஈயும் மஞ்சள் தேமல் நோயும்தான் பாடு. அதற்கும் இந்தப் பொடி ஆகாது.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள பூஞ்சை, நாலு மாதம் தாண்டின பாக்கெட்டையோ வெயிலில் கிடந்ததையோ வாங்காதீர்கள், கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தோடு கலந்தால் செத்தே போகும். நான் அடுத்த போகத்துக்கும் வாங்குவேன், ஆனால் விதையைப் புள்ளியே விழாத தோட்டத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டுத்தான் ஊன்றுவேன்.