ஆட் பிளாக்கர்: போடுவதா, விடுவதா, பார்த்துத் திறப்பதா?

விளம்பர வருமானத்தில் ஓடும் தளங்களைப் படிக்கிறவர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். விளம்பரங்களைத் தடுக்கும் மென்பொருளான ஆட் பிளாக்கரைப் போடாமல், வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம். எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி தடுக்கலாம். இல்லையென்றால், பொதுவாகத் தடுத்துவிட்டு, வேண்டிய தளங்களுக்கு மட்டும் பார்த்துத் திறந்துவிடலாம். நான் இருப்பது மூன்றாவது கட்சியில். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேகம், டேட்டா, பேட்டரி, கண்ணுக்கு நிம்மதி, இந்த நான்கிலும் தடுப்பவருக்குத்தான் லாபம். இதில் பெரிய வாதம் ஒன்றும் இல்லை. தாமதமாக வந்து சேரும் விளம்பரம் நாம் படித்துக்கொண்டிருந்த பத்தியைக் கீழே தள்ள, 'அடுத்த பக்கம்' என்பதைத் தொடப்போன விரல் விளம்பரத்தின் மேல் விழும். இது நடக்காதவர் இருக்க மாட்டார். (அது தற்செயல் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது.)

தடுக்காதவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. "நான் எப்படியும் கிளிக் செய்யப் போவதில்லை, தடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று தடுப்பவர்கள் கேட்பார்கள். ஆனால் நிறைய விளம்பரங்களுக்கு ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் காசு. கிளிக் செய்யாவிட்டாலும் நம் பார்வை கணக்கில் சேரும், தடுத்தால் சேராது. 2010 மார்ச்சில் ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், ஆட் பிளாக்கர் வைத்திருந்தவர்களுக்குக் கட்டுரைகளே தெரியாதபடி 12 மணி நேரம் செய்து பார்த்தது. விஷயம் புரிந்ததும் சிலர் அந்தத் தளத்துக்கு மட்டும் விளம்பரத்தை அனுமதித்தார்கள், சிலர் சந்தாவே கட்டினார்கள். 2015 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9 வந்தபோது, செயலிகள் எழுதும் மார்கோ ஆர்மென்ட் 'பீஸ்' என்ற தடுப்புச் செயலியை வெளியிட்டார். கட்டணச் செயலிகளில் அது முதலிடத்துக்குப் போனது. இரண்டே நாளில் அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எல்லாரையும் ஒரே அடியாக அடிக்கும்போது அடி வாங்கக்கூடாதவர்களும் வாங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டாவது கட்சியில் நான் சேராததற்கும் காரணம் அதுதான்.

சந்தா கட்டிப் படிப்பது நேர்மையான வழி, முடிந்தவர்கள் கட்டட்டும். ஆனால் எப்போதோ ஒரு கட்டுரைக்காகப் போகிற தளத்துக்கெல்லாம் சந்தா கட்ட யாராலும் ஆகாது.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்விதான்: அந்த விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

அச்சுப் பத்திரிகையில் வரும் விளம்பரத்தை அந்தப் பத்திரிகையில் வேலை செய்கிற யாராவது ஒருவர் அச்சுக்குப் போகும் முன் பார்த்திருப்பார். இணையத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. நாம் பக்கத்தைத் திறந்ததும் அந்தக் காலி இடம் ஏலத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம், என்ன கருவி, ஏறத்தாழ எந்த ஊர், நம்மை அடையாளம் காண ஓர் எண், இந்தத் தகவல்களோடு பல நிறுவனங்களுக்கு அழைப்பு பறக்கிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் நிரல் நம் உலாவிக்குள் வந்து ஓடத் தொடங்கிவிடும். தோற்றவர்களுக்கும் நம்மைப் பற்றிய தகவல் போய்ச் சேர்ந்தாயிற்று. தளத்தின் ஆசிரியர் அந்த விளம்பரத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். எனக்கு ஒன்று வரும், உங்களுக்கு வேறொன்று வரும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச் நல்ல உதாரணம். நியூயார்க் டைம்ஸ், பிபிசி, ஏஓஎல் போன்ற பெரிய தளங்களிலேயே விளம்பரம் வழியாகத் தீய நிரல் பரவியது. உலாவியிலும் அதன் பிளகின்களிலும் (அதோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்கள்) உள்ள ஓட்டைகளைத் தேடிப் பிடிக்கும் 'ஆங்லர்' என்ற கருவியிடம் அந்த விளம்பரங்கள் வாசகரைக் கொண்டுபோய் விட்டன. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரை அதில் இருந்தது. அந்தத் தளங்களை யாரும் ஹேக் செய்யவில்லை. விளம்பரத்துக்கு விட்ட இடம் வழியாகவே உள்ளே வந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளில் வரும் போலி நிறுவன விளம்பரங்களைப் பற்றி எச்சரித்து, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியை (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. போலீஸே சொல்லும் அளவுக்கு வந்த பிறகு, தடுப்பவரைத் திருடன் என்று பேசுவது எடுபடாது.

ஆகவே, 'நல்ல தளம்தானே, திறந்துவிட்டால் என்ன' என்று நான் நினைப்பதில்லை. தளத்தை நம்புவது வேறு, அது யார் யாரை உள்ளே கூட்டிவருகிறது என்பது வேறு. ஒரு தளத்துக்குத் திறந்துவிடலாமா என்று தோன்றினால் இப்படிச் செய்வேன். நான் வைத்திருக்கும் ஆட் பிளாக்கரான யூபிளாக் ஆரிஜின் சின்னத்தைத் தட்டினால் பெரிதாக ஒரு பவர் பொத்தான் வரும். அதை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும். அப்புறம் விசைப்பலகையில் எஃப்12 தட்டி, உலாவியில் வரும் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தை மறுபடி ஏற்றவேண்டும். அந்தப் பக்கம் எந்தெந்தத் தளங்களோடு பேசுகிறது என்று காட்டும் டொமைன் என்ற நெடுவரிசையை மட்டும் பார்த்தால் போதும். இதைத் திறந்த நிலையில் பார்ப்பதுதான் முக்கியம். தடுத்த நிலையில் முதல் நிரல் வாசலிலேயே நின்றுவிடுவதால், அது அழைத்து வரும் கூட்டாளிகளின் பெயர் பட்டியலில் வராது. நாலைந்து பெயர்களோடு முடிந்தால் அந்தத் தளத்தைத் திறந்தே விட்டுவிடுவேன். படித்து முடித்த பிறகும் புதுப் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தால், பொத்தானைத் திரும்ப அழுத்திவிடுவேன். கட்டுரையின் தலைப்புக்கேற்ற விளம்பரத்தை மட்டும் காட்டும் தளங்களும், தாங்களே பேசி முடித்த விளம்பரத்தைச் சாதாரணப் படமாக வைக்கும் தளங்களும் பெரும்பாலும் முதல் வகையில் வரும்.

இந்த வழிக்கு மற்றவர்கள் சொல்லும் மாற்றுகளும் உண்டு. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அசையாத, உறுத்தாத விளம்பரங்களைத் தானே விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்டவேண்டும். தடுப்பவரே சுங்கச்சாவடியும் வைத்திருப்பது எனக்குச் சரிப்படவில்லை. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம் என்பதையும் சொல்லவேண்டும். (ஜெர்மனியில் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2018இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.)

பை-ஹோல் என்ற மென்பொருள் போல வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றும் ஏற்பாடு) வழியே தடுக்கும் முறையை நான் கொஞ்ச காலம்தான் வைத்திருந்தேன், ஆகவே அடித்துப் பேச மாட்டேன். பார்த்துத் திறக்கும் வழிக்கு அது ஒத்துவராது என்பது மட்டும் நிச்சயம். எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்பது தெரியாது. ஒரு தளத்துக்காக ஒரு விளம்பர டொமைனை விட்டால், எல்லாத் தளங்களுக்கும் விட்ட மாதிரிதான். வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வந்தால் பை-ஹோலால் ஒன்றும் செய்யமுடியாது.

என் வழியில் இருக்கும் தொல்லை பராமரிப்பு. குரோம் உலாவி, நீட்சிகளுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3க்கு மாறிய பிறகு முழு யூபிளாக் ஆரிஜின் அதில் ஓடுவதில்லை, லைட் பதிப்புதான் ஓடும். முழுசும் வேண்டுமென்றால் பயர்பாக்ஸுக்குப் போகவேண்டும், நான் போய்விட்டேன். சில தளங்கள் அவ்வப்போது உடையும், படிவம் அனுப்பினால் போகாது, வீடியோ ஓடாது. அப்போதெல்லாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது தடுப்பானைத்தான். 'ஆட் பிளாக்கரை அணைத்தால்தான் படிக்கலாம்' என்று சுவர் எழுப்பும் தளங்களில் நான் சண்டை போடுவதில்லை. அது அவர்கள் உரிமை, திரும்பி வந்துவிடுவேன்.

நான் திறந்துவிடுவதால் அந்தத் தளத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்டால், தளம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. நடுவில் பல கைகள் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் போகும். ஆகவே அடிக்கடி படிக்கும் இடங்களில் நன்கொடைப் பொத்தான் இருந்தால் விளம்பரத்தைவிட அதையே நம்புகிறேன்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லாதவர்களுக்கு, குறிப்பாகப் போலி 'டவுன்லோட்' பொத்தானையும் 'உங்கள் கணினியில் வைரஸ்' அறிவிப்பையும் நம்பிவிடக்கூடிய வீட்டுப் பெரியவர்களுக்கு, இரண்டாவது வழியே போதும். அவர்கள் கணினியில் எல்லாவற்றையும் தடுத்துவைத்துவிட்டு, ஏதாவது தளம் வேலை செய்யாவிட்டால் அழுத்தவேண்டிய பொத்தான் எது என்று மட்டும் காட்டிக் கொடுக்கிறேன்.