நான்கு வருடமாக என் கையில் இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி

பட்டறையின் தகரக் கூரை எவ்வளவு சுடுகிறது என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன். துப்பாக்கி மாதிரிப் பிடித்து விசையை அழுத்தினால் ஒரு நொடிக்குள் எண் வந்துவிடும். நான்கு வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் எடுக்கிறேன், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது.

முதல் கோடையில் நண்பகலில் அளந்தபோது கூரையின் அடிப்பக்கம் 58 டிகிரி. உள்ளே காற்று 36தான். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் உச்சந்தலை காய்ந்தது. அந்தச் சூடு காற்று வழியாக வந்ததைவிடக் கூரையிலிருந்து நேரே கதிர்வீச்சாக இறங்கியதே அதிகம். எந்தப் பொருளும் ஓயாமல் இப்படி வெப்பத்தை வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த அளவு, கெல்வினில் (செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டினால் வருவது) சொல்லும் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 1879இல் இயற்பியலாளர் ஸ்டெஃபான் அளவீடுகளிலிருந்து கண்டதை 1884இல் இன்னொரு இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். அந்தக் கணக்கின்படி, 58 டிகிரியில் உள்ள பெயின்ட் அடித்த தகடு சதுர மீட்டருக்கு 610 வாட் அளவில் வீசுகிறது. 34 டிகிரியில் இருக்கும் நம் தோலும் சும்மா இருப்பதில்லை, 490 வாட் அளவில் திருப்பி வீசுகிறது. கொடுக்கல் வாங்கல் போக மிஞ்சுவது நம் தலையில் இறங்குகிறது.

அதனால் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு அலுமினியத் தாள் ஒட்டிய பலகைகளைக் கட்டினேன். அடுத்த நண்பகல் அளந்தால் 31 டிகிரி! பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சில வாரம் கழித்து, கீழே ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அதே இடத்தை அளந்தேன். எண் சட்டென்று ஏறியது. ஹீட்டரை நகர்த்தினால் இறங்கியது. கூரை அவ்வளவு வேகமாகச் சூடாகி ஆறாது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாள் நான் அளந்தது தாளை அல்ல, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் தாளில் தெரிந்த தரையை.

இந்தக் கருவி எதையும் தொடுவதில்லை. 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களைப் பிடித்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பொருள் தானாக வீசியதும், சுற்றியிருப்பவை வீசி அதன்மேல் பட்டுத் திரும்பியதும் கலந்தே உள்ளே வருகின்றன. ஒரு பொருள் தன் வெப்பநிலையில் அதிகபட்சம் வீசக்கூடியதில் எவ்வளவு பங்கை வீசுகிறது என்பதுதான் உமிழ்திறன். பெயின்ட், மரம், தோல், தண்ணீர் இவற்றுக்கு அது 0.9க்கு மேல், அதனால் பிழை சிறிது. பளபளப்பான அலுமினியத்துக்கு 0.05 அளவுதான். கருவியோ எல்லாவற்றுக்கும் 0.95 என்றே எடுத்துக்கொள்கிறது. தாளில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்று நேரம் விட்டு அதன்மேல் அளந்தேன். 46 டிகிரி.

முதலில் மனசு உடைந்தது. பிறகு யோசிக்க யோசிக்க மகிழ்ச்சிதான். தாள் 46 டிகிரியில் இருந்தாலும் அதிலிருந்து தானாகக் கிளம்புவது சதுர மீட்டருக்கு 30 வாட்தான். மற்றதெல்லாம் தரையும் சுவரும் அனுப்பியது திரும்பி வருவது. ஆக, 31 என்பது தாளின் வெப்பநிலையாகத் தவறு. என் தலைமேல் வந்து விழும் கதிர்வீச்சுக்கு அது சரியான அளவு. மதிய வேலை தாங்கும்படி ஆனதற்கு அதுதான் காரணம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. உமிழ்திறனை மாற்றும் வசதி உள்ளதையே வாங்குங்கள், என்னுடையதில் இல்லாதது பெரிய குறை. லேசர் புள்ளி வெறும் குறி காட்டத்தான். 12:1 என்று போட்டிருந்தால் 120 சென்டிமீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் வட்டம் முழுவதையும் சராசரியாக்கிக் காட்டும், அதனால் சின்னப் பொருளை அருகில் போய் அளக்க வேண்டும். சாதாரண சன்னல் கண்ணாடி வழியாக அளக்க முடியாது, கண்ணாடியின் சூடுதான் கிடைக்கும். குளிர் அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துப் போனால் அரை மணி நேரம் பழக விடுங்கள்.

தெளிந்த இரவில் வானத்தை நோக்கி ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எனக்கு −12 காட்டியது. மேகம் மூடிய இரவில் 15. திறந்த வெளியில் நிற்கும் கார் மேற்கூரையில் பனி கோத்து, கொட்டகைக்குள் நிற்பதில் கோக்காமல் இருப்பது இதனால்தான். வெளியே நிற்கும் கார் வானத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வானம் திருப்பிக் கொடுப்பதில்லை.

இப்போது தாளை மாதம் ஒருமுறை இரண்டு விதமாக அளக்கிறேன். டேப்பின் மேல் 46 மாறவில்லை. வெறும் தாளின் மேல் 31 ஆக இருந்தது போன மாதம் 35 ஆகிவிட்டது. அரைக்கும் தூசியும் புகையும் படிந்து பளபளப்பு மங்கியிருக்கிறது. ஈரத்துணியால் ஒரு பலகையைத் துடைத்துவிட்டு அளந்தேன், 32. மற்ற பலகைகளையும் இந்த வாரம் துடைக்க வேண்டும்.