கேசட்டா, குடிலா?

சொந்தமாகப் பாட்டெழுதி கிதாரோடு பாடுகிறவர் லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடும் இசைக் கம்பெனி, இல்லாமல் பிழைக்க முடியுமா? இந்தப் பேச்சு வந்தாலே அமெரிக்காவில் இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள். ஒருவர் பஃபலோ நகரத்து ஆனி டிஃபிராங்கோ. மற்றவர் பான் ஈவேர் என்ற பெயரில் பாடும் விஸ்கான்சின்காரர் ஜஸ்டின் வெர்னன். இருவரையும் 'தனியாக நின்று ஜெயித்தவர்கள்' என்று ஒரே கணக்கில் எழுதுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனி 1990இல் ரைட்டியஸ் பேப் என்ற சொந்த லேபிளைத் தொடங்கியபோது அவருக்கு இருபதைத் தொட்டும் தொடாத வயது. பாடப் போன இடத்திலேயே கேசட் விற்பார். ஒட்டு நகங்களை எலெக்ட்ரிக் டேப்பால் விரலோடு சுற்றிக்கொண்டு கம்பிகளை அடிப்பார். டிரம்ஸ் இல்லாமலே தாளம் நிற்கும். வாசிப்புத் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், செலவைப் பாருங்கள்: பின்னால் நாலு பேருக்குச் சம்பளமோ, ஹோட்டல் ரூமோ தேவையில்லை. பெரிய லேபிள்கள் கூப்பிட்டும் போகாமல், 90களில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போட்டார். ஆல்பத்துக்கு 4.25 டாலர் லாபம் பார்க்கிறார் என்று 1997இல் ஒரு பத்திரிகை அவரைப் புகழ்ந்தது. அவருக்கோ கோபம்! என்னைப் பாட்டுக்காரியாகப் பாருங்கள், கம்பெனி முதலாளியாகப் பார்க்காதீர்கள் என்று கடிதம் எழுதினார்.

வெர்னன் கதை எல்லோருக்கும் தெரியும். இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, உடம்பும் படுத்த நிலையில், 2006 கடைசியில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போனார். அந்தப் பனிக்காலத்தில் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். சரி, அப்புறம்? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2007இல் அவரே ஒரு சில நூறு சிடி போட்டார். 2008இல் ஜாக்ஜாகுவார் என்ற சிறிய லேபிள் அமெரிக்காவிலும், ஃபோர் ஏடி பிரிட்டனிலும் அதே ஆல்பத்தை வெளியிட்டன. 2012இல் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி கிடைத்தது.

அடுக்கிப் பதிந்த குரல்களை மேடையில் ஒருவரே பாட முடியாது. ஆள் வேண்டும், வண்டி வேண்டும், பாடும் முன்பே பணம் வேண்டும். அந்தப் பாட்டுக்கு லேபிள்தான் பொருத்தம். ஆனியின் பாட்டு ஒரு கிதார் பெட்டியோடு ஊர் ஊராகப் போகும். எனக்குச் சாய்வு ஆனி பக்கம்தான். ஆனால் கணக்கு வழக்கு, பார்சல், கடைக்காரரோடு பேச்சு என்றால் முகம் சுளிக்கிறவருக்கு அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

2010இல் இந்த இரண்டு வழிகளும் ஒரே ஆல்பத்தில் சந்தித்தன. பாடகி அனயிஸ் மிட்செல் கிரேக்கப் புராணக் கதையை வைத்து எழுதிய 'ஹேடஸ்டவுன்'. அந்தக் கதையின் பாடகன் ஆர்ஃபியஸாகப் பாடியவர் வெர்னன், பாதாள உலக ராணி பெர்செஃபனியாக ஆனி. வெளியிட்டது ரைட்டியஸ் பேப்.